பழைய வண்டி வாங்கும்போது பழைய எப்.சி.யைக் கேளுங்கள்

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். பாத்திரம் ஏற்ற இதுவரை வாடகை வண்டிதான். முகூர்த்த நாளில் வண்டி கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாடகை இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அதனால் பழைய வண்டி வாங்கலாம் என்று இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து வந்த 2016 மாடல் குட்டி யானை (டாடா ஏஸ்). போன மாதம்தான் எப்.சி. (தகுதிச் சான்று) ஆனது, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. "இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்கிறார் தரகர். இன்னொன்று மன்னார்குடியில் ஒரு பேக்கரிக்காரர் வைத்திருக்கும் 2017 மாடல் தோஸ்த் (அசோக் லேலண்டின் சின்னச் சரக்கு வண்டி). எப்.சி. முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது, பார்க்கச் சுமார், விலையும் கூடுதல். இங்கிலாந்தில் இருக்கும் என் கொழுந்தனார், "இங்கே நம்பரைப் போட்டால் ஒவ்வொரு வருஷச் சோதனையிலும் வண்டியில் என்ன குறை இருந்தது என்று தெரிந்துவிடும். எந்த மாடல் அதிகம் பெயில் ஆகிறது என்றுகூடக் கணக்கு இருக்கிறது. அந்த மாதிரி பார்த்து வாங்குங்கள்" என்கிறார். நம் ஊரில் எப்.சி.யை வைத்து ஒரு வண்டியின் தரத்தைச் சொல்ல முடியுமா? நாங்கள் எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தரகர் சொன்ன வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். கும்பகோணத்தில் 27 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் வருமானத்தில் பாதி சரக்கு வண்டிகளுக்கு எப்.சி. வேலை பார்ப்பதில் வருவதுதான். அதனால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எப்.சி. என்பது குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருந்தது என்பதற்கான சான்று. மறுநாள் காலையில் கிளட்ச் போனால் அந்தச் சான்று பொறுப்பேற்காது. ஒரு வருஷம் என்பது அடுத்த சோதனைக்குக் கொடுத்திருக்கும் கெடு. அதை கியாரண்டி என்று தரகர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அன்று என்னென்ன பார்ப்பார்? பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, பாடி, ஒளிரும் ஸ்டிக்கர், சேசிஸ் நம்பர், புகைச் சான்று, இன்சூரன்ஸ், வரி. இவை எல்லாமே ரோட்டில் போகிற மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் இருக்கப் பார்ப்பவை. தேவையான சோதனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்ஜினில் கம்ப்ரஷன் எப்படி இருக்கிறது, கியர் பாக்ஸில் பல் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் பிளேட் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், ரேடியேட்டர் எத்தனை முறை ஒட்டப்பட்டது, இதையெல்லாம் அந்தச் சோதனை கேட்பதே இல்லை. ஒரு சமையல் கான்ட்ராக்டரை முகூர்த்தத்தன்று விடியற்காலை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலில் உள்ளவைதான்.

இங்கே என்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருஷம் இருக்கும். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் சரக்கு வண்டி கொண்டுவந்தார். விற்கப் போகிறேன், எப்.சி. எடுத்துக் கொடுங்கள் என்றார். பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட் இருக்கிற இடத்தில் சேசிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், துரு. தகடு வைத்துப் பற்றவைத்தோம், மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தோம். பார்க்கப் புதுசாக இருந்தது, எப்.சி.யும் கிடைத்தது. வண்டி கைமாறி வாழைத்தார் ஏற்றுகிற ஒருவரிடம் போனது. நாலாம் மாதம், நீடாமங்கலம் கேட்டைத் தாண்டிப் போகும்போது அந்தப் பிராக்கெட் தகட்டோடு பிய்ந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. வாங்கியவர் வண்டியை இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்தார், அந்தத் தகடு நான் வைத்தது என்று தெரியாமல். நான் தெரிந்துகொண்டும் சும்மா இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்தேன். ஆனாலும் அவருக்கு இரண்டு வார வருமானம் போனது போனதுதான். அன்றிலிருந்து விற்பனைக்காக எப்.சி. எடுக்க வரும் வண்டியில் சேசிஸ் துருவை மூடி நான் பெயிண்ட் அடிப்பதில்லை. அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அதனால்தான் "போன மாதம் எப்.சி. ஆனது, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது சரி. இங்கிலாந்தில் அந்தச் சோதனைக்கு எம்.ஓ.டி. என்று பெயர். காருக்கும் சின்ன வேனுக்கும் மூன்று வயதிலிருந்து வருஷம் ஒருமுறை நடக்கிறது. வண்டி நம்பரைப் போட்டால் போதும், எந்த வருஷம் பாஸ், எந்த வருஷம் பெயில், எதனால் பெயில், அன்று மீட்டரில் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பாஸ் ஆன வண்டியிலும் "இந்த இடத்தில் லேசாகத் துரு, கவனித்துக்கொள்ளவும்" என்று எழுதி வைப்பார்கள். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று தரம் பிரித்தும் எழுதுகிறார்கள். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. நம் ஊரிலும் இப்படி வந்தால் என் மாதிரி ஆட்கள் செய்த தவறு பாதி நடக்காது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த எம்.ஓ.டி. சோதனையும் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் நிலையைப் பார்ப்பதில்லை. அங்கேயும் அது பாதுகாப்புச் சோதனை மட்டும்தான்.

எந்த மாடல் அதிகம் பெயில் ஆகிறது என்ற கணக்கை வைத்து வாங்கலாமா என்று கேட்டால், அதிலும் ஜாக்கிரதை வேண்டும். பின் விளக்கு எரியாததால் பெயில் ஆன வண்டியும் ஒரு பெயில், சேசிஸ் துருப்பிடித்துப் பெயில் ஆன வண்டியும் ஒரு பெயில். அங்கே அதிகம் பிடிபடும் குறைகளில் விளக்குதான் முன்னால் நிற்கிறது. ஒரு பல்பு மாற்ற ஐந்து நிமிஷம். சேசிஸ் போனால் வண்டியே போச்சு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரு மாடலுக்கு மார்க் போட்டால் அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்? அதோடு, கட்டட வேலைக்காரர்கள் விரும்பி வாங்கும் வேன் ஒன்று இருந்தால் அதில் செங்கல்லும் மணலும்தான் ஏறும். பூக்கடைக்காரர்கள் வாங்கும் வேனில் பூ ஏறும். முதல் வேன் அதிகம் பெயில் ஆனால் அது கம்பெனியின் குற்றமா, ஏற்றியவரின் குற்றமா?

நம் டெல்டாவில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம், இரண்டு வண்டி. ஒன்று கும்பகோணத்தில் வெற்றிலைக் கட்டு ஏற்றுகிறது. இன்னொன்று நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் ஏற்றுகிறது. ஐஸ் உருகி, மீனின் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, சரக்கு ஏற்றும் தொட்டியின் அடித்தகட்டு வழியாக சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே கடல்காற்று வேறு. எட்டு வருஷம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே தொழிற்சாலையில் செய்தவை என்று நம்ப மாட்டீர்கள். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுகிறார்கள், அங்கே வேன்களை அது தின்கிறது. இங்கே மீன் தண்ணீர். உப்பு எங்கிருந்து வந்தாலும் இரும்புக்கு ஒன்றுதான்.

மீன் வண்டி மட்டும் என்று நினைக்காதீர்கள். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிய வண்டி, உரக்கடையில் யூரியாவும் பொட்டாஷும் ஏற்றிய வண்டி, இவையும் அப்படித்தான். பொட்டாஷும் ஒரு உப்புதான். சிதறிய உரம் தொட்டியின் இடுக்கில் தங்கி, மழை ஈரத்தில் கரைந்து, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். ஈர மணல் ஏற்றிய வண்டிக்கு வேறு வியாதி. அதில் துருவைவிட பாரம்தான் கொல்லும். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை அடித்த வண்டியும் அதே ரகம். முக்கால் டன் தாங்கும் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு வயல் பாதையில் குதித்துக் குதித்து வந்திருக்கும்.

ஆக, வண்டி எந்த மாடல் என்பதைவிட அது யாரிடம் இருந்து என்ன சுமந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீர்கள். டி.என். 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை என்று நமக்குத் தெரியும். ஆனால் அது முதலில் பதிவான இடம். தமிழ்நாட்டுக்குள் கைமாறினால் நம்பர் மாறாது. தஞ்சாவூர் நம்பர் வண்டி ஆறு வருஷம் துறைமுகத்தில் ஓடியிருக்கலாம், நாகப்பட்டினம் நம்பர் வண்டி கீவளூரில் ஒரு மளிகைக்கடையில் சுகமாக இருந்திருக்கலாம். இப்போது யார் பெயரில் இருக்கிறது, எத்தனையாவது உரிமையாளர், அவர் தொழில் என்ன, இதைக் கேளுங்கள்.

இங்கே நாம் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எப்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, நிதி நிறுவனத்தின் கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். என்ன குறை இருந்தது என்பது தெரியாது. அதனால் கொழுந்தனார் சொல்லும் வரலாற்றை நாமே தாள்களிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். நான் தலைப்பில் சொன்னது இதைத்தான். புது எப்.சி. தாளை விற்கிறவர் தானாகவே எடுத்து நீட்டுவார். நீங்கள் அதற்கு முந்தையதை, அதற்கும் முந்தையதைக் கேளுங்கள்.

விதி என்னவென்றால், சரக்கு வண்டிக்குப் புதிதாக வாங்கும்போது இரண்டு வருஷம் எப்.சி. உண்டு. பிறகு எட்டு வயதாகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எட்டு தாண்டினால் வருஷா வருஷம். அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று முடிந்த நாளுக்கும் அடுத்தது எடுத்த நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம் இடைவெளி இருந்தால் அந்த ஐந்து மாதம் வண்டி எங்கே இருந்தது? விபத்தில் அடிபட்டுப் பட்டறையில் கிடந்ததா, காசில்லாமல் வெயிலிலும் மழையிலும் நின்றதா, அல்லது எப்.சி. இல்லாமலே ஓடியதா? மூன்றுமே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. கெடு முடிவதற்குள் தவறாமல் ஒவ்வொரு முறையும் எடுத்திருந்தால், அந்த உரிமையாளர் ஆயிலையும் தவறாமல் மாற்றியிருப்பார் என்று நான் ஓரளவு நம்புவேன். கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பதால், கவனமான ஆள் தள்ளிப்போட மாட்டார்.

இன்சூரன்ஸ் தாள்களும் பேசும். முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தால் அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் செய்யாதவருக்கு 20, தொடர்ந்து ஐந்து வருஷம் செய்யாதவருக்கு 50. வருஷா வருஷம் ஏறிக்கொண்டு வந்த எண் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், அந்த வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்புறம் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பாக்கி அபராதம் உங்கள் தலையில் விழாமல் இருக்க எல்லோரும் அதைப் பார்க்கச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு காரணத்துக்காக. அதிக பாரம் என்று வழக்கு இருக்கிறதா? 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு முறை பிடிபட்ட வண்டி ஒரு முறைதான் அதிக பாரம் ஏற்றியிருக்கும் என்று நான் நினைக்க மாட்டேன்.

தாள் போதும், வண்டிக்கு வருவோம். வீட்டுக்காரரோடு ஒரு நல்ல மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு விடியற்காலை போங்கள். முதல் நாளே போன் செய்து, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியில் எப்படி எழுகிறது என்பதில் அதன் ஆயுள் தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து பீடிப்புகை மாதிரி லேசாக வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை ஆயில் எரிவது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பார்த்துவிட வேண்டும், சூட்டில் திறக்கவே கூடாது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பிறகு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் ஏமாறுகிறார்கள். ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுபோங்கள். சேசிஸை, முக்கியமாகப் பின் சக்கரத்துக்கு மேலேயும் பட்டை பிராக்கெட் பக்கத்திலும், மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துருப்பிடித்த இடம் பொத்தென்று சொல்லும். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த உங்களுக்கு அந்த வித்தியாசம் கேட்கும். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட், போல்ட்டு நட்டு தலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பூச்சு என்றால், ஏன் இவ்வளவு அக்கறை என்று கேளுங்கள். பக்கத் தகடுகளில் பட்டி பார்த்து மூடியிருக்கிறதா என்பதை ஒரு காந்தம் சொல்லிவிடும், பட்டி தடிமனான இடத்தில் காந்தம் ஒட்டாது. காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், தொட்டியின் மூலைகளை மோந்தும் பாருங்கள். மீன் வாசனை எத்தனை பெயிண்ட் அடித்தாலும் மழை நாளில் வெளியே வந்துவிடும்.

ஸ்பிரிங் பட்டையை எண்ணச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் கூடுதல் பட்டை போட்டிருந்தால் அந்த வண்டி பாரத்தில் வாழ்ந்தது. உங்களுக்கு அது இன்னொரு வகையிலும் ஆகாது. பட்டைக் கட்டு விறைப்பாகிவிட்ட வண்டியில் உங்கள் அண்டாவும் கிரைண்டரும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் எகிறும்.

டயர் பற்றி ஒரு விஷயம். எப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், வந்ததும் கழற்றிவிடும் பழக்கம் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-இல் 23-வது வாரம் செய்தது. போன மாதம் எப்.சி. ஆன வண்டியில் மொட்டையாகத் தேய்ந்த பழைய டயர் இருந்தால் நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் ஏமாற்றியவர் மற்றதிலும் ஏமாற்றியிருப்பார்.

சரி, உங்கள் இரண்டு வண்டிகள். நேரில் பார்க்காமல் வாங்கு என்று நான் சொல்ல முடியாது, ஆனால் எதை முதலில் போய்ப் பார்ப்பது என்று சொல்லலாம். மன்னார்குடி வண்டி. காரணம், அதன் சரக்கு பன், பிரெட். எடையே இல்லாத, உப்பே இல்லாத சரக்கு. பேக்கரி வண்டி விடியற்காலை கடை கடையாக நின்று நின்று போகும் என்பதால் கிளட்சும் செல்ஃப் மோட்டாரும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். அவற்றைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம், செலவு கைக்கு அடங்கும். சேசிஸ் அப்படியில்லை. அதைவிட முக்கியம், அதற்கு இன்னும் எப்.சி. பெயிண்ட் ஏறவில்லை. துருவோ ஒட்டோ எது இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருக்கிறது. நீங்கள் குறையாக நினைக்கிற "சுமார்" தோற்றம்தான் எனக்கு அதில் பிடித்த அம்சம்.

பேக்கரிக்காரரிடம் இப்படிப் பேசுங்கள். "எங்கள் மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்னால் முன்பணம் தருகிறோம். நாங்கள் சொல்லும் பட்டறையில் எப்.சி. வேலை நடக்கட்டும், செலவில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம் அல்லது விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எப்.சி. உங்கள் பெயரில் கிடைத்த பிறகு பெயர் மாற்றமும் பாக்கிப் பணமும்." இப்படிச் செய்தால் பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை உங்கள் ஆள் கண்ணால் பார்த்திருப்பார். நேர்மையாக விற்கிறவர் இதற்கு மறுக்க மாட்டார்.

நாகப்பட்டினம் வண்டியை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. அது என்ன சுமந்தது என்று தரகரிடம் கேட்காமல், ஆர்.சி.யில் பெயர் இருக்கிற உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். பழைய எப்.சி. தாள்களும், எப்.சி. வேலை பார்த்த பட்டறையின் பில்லும் கொடுத்தால், சுத்தியலில் சேசிஸ் கணீரென்று சொன்னால், யோசிக்கலாம். தாள் எதுவும் இல்லை, உரிமையாளர் ஊரில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எடை விஷயத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை. குட்டி யானை முக்கால் டன் ரகம், தோஸ்த் ஒன்றேகால் டன் ரகம். ஐந்நூறு பேர் சமையலுக்கு நீங்கள் ஏற்றும் சாமான் எவ்வளவு எடை? 19 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று இரும்போடு சேர்த்து 35 கிலோவுக்குக் குறையாது. நாலு சிலிண்டர், அடுப்பு, அண்டா, இரண்டு கிரைண்டர், அரிசி, காய்கறி, பெஞ்சு என்று சேர்ந்துகொண்டே போகும். அடுத்த முறை வாடகை வண்டியில் ஏற்றியதும் வழியில் ஒரு ரைஸ் மில் எடை மேடையில் நிறுத்தி எடை போட்டு, சாமானை இறக்கியபின் காலி வண்டியையும் போடுங்கள். வித்தியாசம் எழுநூறு கிலோவை நெருங்கினால் குட்டி யானை உங்களுக்கு எப்போதும் தவித்துக்கொண்டேதான் ஓடும், அது எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும். இரண்டுமே மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்குபவை என்பதால் தனியாக பெர்மிட் எடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் நேரமும் முக்கியம். ஆடியிலோ மார்கழியிலோ முடியுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வண்டியைப் பத்து நாள் பட்டறையில் விட உங்களுக்கு மனம் வரும். வருஷா வருஷம் எப்.சி.யும் அந்த மாதத்தில் வரும்படி அமைந்துவிட்டால், வைகாசியில் வண்டி இல்லாமல் தவிக்க வேண்டாம். அந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள். எப்.சி. இல்லாத சரக்கு வண்டி சட்டப்படி பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். அந்த நேரத்தில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கைமாறியதும் 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள்தான். கடன் பதிவு இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப் பணம் தர வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சொந்த வண்டி வந்ததும் பரிமாறும் பிள்ளைகளும் சமையல் ஆட்களும் பின்னால் பாத்திரத்தோடு ஏறிக்கொள்வார்கள். எல்லா ஊரிலும் நடக்கிறது. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்ற அனுமதி கிடையாது, அடிபட்டால் அவர்களுக்கு இன்சூரன்ஸும் கைகொடுக்காது. கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து வருகிறார்கள், யோசித்துப் பாருங்கள். முன்னால் சீட்டில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேர் போதும். மற்றவர்களுக்கு பஸ் காசு கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள்.

மன்னார்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சேசிஸின் அடிப்பாகத்தைப் பின் சக்கரம் இரண்டுக்கும் மேலே போட்டோ எடுத்து அனுப்பினால், பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.